இறப்பைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது எந்த டென்ஸ்? ஒரு முழுமையான வழிகாட்டி

சாவுச் செய்தியை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய நேரம் பெரும்பாலும் மோசமான நேரமாகத்தான் இருக்கும். வீட்டில் ஆள் கூட்டம், தூக்கம் இல்லை, அலுவலகத்துக்கு விடுப்பு மெயில் போட வேண்டும். அல்லது கூட வேலை பார்ப்பவரின் அம்மா தவறிவிட்டார் என்று குரூப்பில் செய்தி வந்திருக்கிறது, எல்லோரும் ஏதோ எழுதுகிறார்கள், நாமும் எழுத வேண்டும். “டைடு” போடுவதா, “ஹேஸ் டைடு” போடுவதா, “இஸ் டெட்” போடுவதா என்று அப்போது உட்கார்ந்து யோசிக்க மனசு இடம் கொடுக்காது. அதனால் இதை முன்கூட்டியே ஒருமுறை தெளிவாகப் புரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பள்ளியில் பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்திருப்போம். இங்கே அது மட்டும் போதாது. இறப்பு ஒரு கணத்தில் நடந்து முடிந்துவிடுகிறது, ஆனால் அவர் இல்லை என்கிற நிலை தொடர்கிறது. அவர் வாழ்க்கை முடிந்துவிடுகிறது, அவர் விட்டுப்போனது முடிவதில்லை. இந்த நான்கையும் ஆங்கிலம் தனித்தனி வினைவடிவத்தில் சொல்கிறது. எழுதுவதற்கு முன், இறந்த கணத்தைச் சொல்கிறேனா, இப்போது இல்லை என்பதைச் சொல்கிறேனா, வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்கிறேனா, விட்டுப்போனதைச் சொல்கிறேனா என்று கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதியைப் படிப்படியாகப் பார்ப்போம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதல் படி: “டைடு” வினை, “டெட்” நிலை

“டைடு” என்றால் இறந்தார், அது நடந்த செயல். “டெட்” என்றால் உயிரோடு இல்லாத நிலை. இந்த இரண்டும் கலக்கும்போதுதான் “ஹி இஸ் டைடு”, “ஹி வாஸ் டைடு” என்ற தவறான வாக்கியங்கள் பிறக்கின்றன. “டை” என்ற வினைக்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது. யாரும் யாரையும் “டை” செய்ய முடியாது. ஆகவே “டைடு” என்ற சொல்லுக்கு முன்னால் “இஸ்”, “வாஸ்” இரண்டுமே வராது. வரக்கூடியவை “ஹேஸ்”, “ஹேவ்”, “ஹேட்” மட்டும்தான்.

சரியான வடிவங்கள் இவை: “ஹி டைடு”, “ஹி ஹேஸ் டைடு”, “ஹி இஸ் டெட்”. மூன்றாவது இலக்கணப்படி சரி, ஆனால் சொந்தக்காரர்களிடம் அப்படிச் சொல்லாதீர்கள். அது போலீஸ்காரரும் டாக்டரும் உறுதி செய்கிற தொனி. நம் ஊரில் மென்மைக்காக “இஸ் நோ மோர்” என்று சொல்கிறோம். இந்தியாவில் அது இயல்பாகவே படும், வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் பழைய மேடைப்பேச்சு மாதிரி கேட்கும்.

“எக்ஸ்பயர்டு” பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “ஹி இஸ் எக்ஸ்பயர்டு” என்பது நம்மிடம் மிகப் பரவலான வாக்கியம். இந்திய ஆங்கிலத்தில் “ஹி எக்ஸ்பயர்டு யெஸ்டர்டே” என்பதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் மெயில் அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ போகிறது என்றால் அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள். அங்கே பொதுப் பேச்சில் எக்ஸ்பயர் ஆவது பாஸ்போர்ட்டும் பால் பாக்கெட்டும்தான். “பாஸ்டு அவே” எல்லா இடத்திலும் செல்லும், மரியாதையாகவும் இருக்கும்.

இரண்டாம் படி: எப்போது என்று சொல்கிறீர்களா?

மொத்த விஷயத்திலும் முக்கியமான படி இது. தமிழில் “இறந்துவிட்டார்” என்ற ஒரே சொல் நேற்று நடந்ததற்கும் பொருந்தும், இந்த நிமிடம் வந்த செய்திக்கும் பொருந்தும். ஆங்கிலம் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது.

நேரம் சொன்னால் சிம்பிள் பாஸ்ட். நேற்று, போன வாரம், இன்று காலை, 2015இல், பத்து வருடம் முன்பு என்று முடிந்துபோன எந்த நேரம் வந்தாலும் “டைடு” அல்லது “பாஸ்டு அவே”. “ஹி ஹேஸ் டைடு யெஸ்டர்டே” தவறு. நேரம் சொல்லாமல் புதிய செய்தியாக அறிவித்தால் பிரசென்ட் பெர்ஃபெக்ட், அதாவது “ஹேஸ் டைடு”.

இதற்கு 2022 செப்டம்பர் 8 அன்று வந்த அறிவிப்புகளைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் காலமான அன்று பிபிசி இணையதளம் தலைப்பிட்டது “குயின் எலிசபெத் த செகண்ட் ஹேஸ் டைடு” என்று. நேரம் இல்லை, செய்தி மட்டும். பக்கிங்காம் அரண்மனையின் அறிக்கையோ “த குயின் டைடு பீஸ்ஃபுல்லி அட் பால்மோரல் திஸ் ஆஃப்டர்நூன்” என்றது. பிற்பகல் என்று நேரம் வந்ததும் “ஹேஸ்” போய்விட்டது. ஒரே இறப்பு, ஒரே நாள், இரண்டு வடிவம், இரண்டுமே சரி.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்பட்ட இரவில் நேரு வானொலியில் பேசியபோது சொன்ன வாக்கியம்: “த லைட் ஹேஸ் கான் அவுட் ஆஃப் அவர் லைவ்ஸ் அண்ட் தேர் இஸ் டார்க்னஸ் எவ்ரிவேர்.” விளக்கு அணைந்துவிட்டது என்பதற்குப் பிரசென்ட் பெர்ஃபெக்ட், அதன் விளைவாக இப்போது இருக்கும் இருட்டுக்குப் பிரசென்ட். நடந்ததன் பலன் இந்தக் கணத்தில் நம் மேல் கிடக்கிறது என்பதைத்தான் “ஹேஸ்” சொல்கிறது. அதே பேச்சில் காந்தியைப் “பாபு” என்று குறிப்பிடும்போது “அஸ் வி கால்டு ஹிம்” என்கிறார், நாம் அவரை அப்படி அழைத்தோம் என்று. காந்தி இறந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. அழைப்பது அதற்குள் இறந்தகாலத்துக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் “இஸ் நோ மோர்” என்கிறார், அது நிலை. இறப்பைச் சொல்வதற்கான டென்ஸ் பாடம் முழுவதும் அந்தச் சில வாக்கியங்களில் இருக்கிறது. நானாக இருந்தால் வகுப்பில் அட்டவணையை விட்டுவிட்டு அதைத்தான் நடத்துவேன்.

சரி, செய்தி எவ்வளவு நாள் புதிதாக இருக்கும்? அதற்குக் கணக்கு இல்லை. கேட்பவருக்கு இன்னும் தெரியாது, நீங்கள்தான் முதலில் சொல்கிறீர்கள் என்றால் “ஹேஸ் பாஸ்டு அவே” பொருந்தும். அவருக்கு ஏற்கெனவே தெரியும், விவரம் பேசுகிறீர்கள் என்றால் உடனே “டைடு”க்கு மாறிவிடுங்கள். “ஹேஸ் டைடு” என்று அறிவித்த பிறகு அடுத்த வாக்கியத்திலிருந்தே எங்கே, எப்படி, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதெல்லாம் சிம்பிள் பாஸ்ட்தான். முழுச் செய்தியையும் “ஹேஸ்” போட்டே எழுதுபவர்கள் நிறையப் பேர். அது காதுக்கு உறுத்தும். அமெரிக்கர்கள் புதிய செய்தியையும் “ஹி ஜஸ்ட் டைடு” என்று சொல்வார்கள், அதையும் தவறென்று திருத்த வேண்டாம்.

மூன்றாம் படி: இறந்து எத்தனை வருடம் ஆகிறது?

“அப்பா இறந்து பத்து வருஷம் ஆகுது.” இதை அப்படியே மாற்றப் போனால்தான் “ஹி டைடு பிஃபோர் டென் இயர்ஸ்”, “ஹி இஸ் டெட் சின்ஸ் டென் இயர்ஸ்” எல்லாம் வருகின்றன. இரண்டுமே தவறு.

நிகழ்வாகச் சொன்னால் “ஹி டைடு டென் இயர்ஸ் அகோ”. நிலையாகச் சொன்னால் “ஹி ஹேஸ் பீன் டெட் ஃபார் டென் இயர்ஸ்”. நம் தமிழ் வாக்கியத்துக்கு மிக நெருக்கமானது “இட் ஹேஸ் பீன் டென் இயர்ஸ் சின்ஸ் ஹி டைடு”. மூன்றில் கடைசி வடிவம்தான் குடும்பத்தில் பேசுவதற்கு இதமானது. “ஹேஸ் பீன் டெட்” என்பது சட்ட ஆவணத்துக்கும் வரலாற்றுக்கும் சரி, அம்மாவைப் பற்றிப் பேசும்போது கரடுமுரடாக இருக்கும். அந்த இடத்தில் “இட்ஸ் பீன் டென் இயர்ஸ் சின்ஸ் வி லாஸ்ட் ஹர்” என்று சொல்லிப் பாருங்கள்.

“ஹி ஹேஸ் டைடு ஃபார் டென் இயர்ஸ்” என்று மட்டும் எழுதவே வேண்டாம். இறப்பது பத்து வருடம் நீடிக்காது.

நான்காம் படி: எது முன்னால் நடந்தது?

கடந்த காலத்துக் கதை ஒன்றைச் சொல்லும்போது இறப்பு அதற்கும் முன்னால் நடந்திருந்தால் பாஸ்ட் பெர்ஃபெக்ட். “வென் த ஆம்புலன்ஸ் அரைவ்டு, ஹி ஹேட் டைடு”: ஆம்புலன்ஸ் வரும்போது உயிர் போயிருந்தது. அதே வாக்கியத்தில் “ஹேட்” எடுத்துவிட்டு “வென் த ஆம்புலன்ஸ் அரைவ்டு, ஹி டைடு” என்றால், ஆம்புலன்ஸ் வந்தது, அப்புறம் உயிர் போனது என்றாகிவிடும். மருத்துவமனைப் புகார், இன்சூரன்ஸ் கடிதம், போலீஸ் வாக்குமூலம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் யார் மேல் பொறுப்பு என்பதே இந்த ஒரு “ஹேட்”டில் மாறிவிடலாம். சந்தேகம் இருந்தால் “ஆல்ரெடி” சேர்த்து “ஹேட் ஆல்ரெடி டைடு” என்று எழுதுங்கள், குழப்பம் இருக்காது.

நடந்துகொண்டிருந்த செயலின் நடுவில் இறப்பு வந்தால் பாஸ்ட் கன்டினியுவஸ் துணைக்கு வரும். அப்துல் கலாம் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் ஐஐஎம் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்தார். ஆங்கிலத்தில்: “ஹி வாஸ் டெலிவரிங் எ லெக்சர் வென் ஹி கொலாப்ஸ்டு. ஹி வாஸ் டேக்கன் டு எ ஹாஸ்பிட்டல், வேர் ஹி வாஸ் ப்ரொனவுன்ஸ்டு டெட்.” பேச்சு நீண்டுகொண்டிருக்கிறது, விழுந்தது ஒரு கணம், பிறகு வரிசையாக நடந்தவை. கடைசியில் “ப்ரொனவுன்ஸ்டு டெட்” என்று வருவதைக் கவனியுங்கள். டாக்டர் அறிவிப்பது நிலையை, அதனால் “டெட்”. “ப்ரொனவுன்ஸ்டு டைடு” கிடையாது. அதற்குப் பிறகு அவரது பின்னணியைச் சொல்ல வேண்டும் என்றால் “ஹேட்” மறுபடி வரும்: “ஹி ஹேட் சர்வ்டு அஸ் பிரசிடென்ட் ஃப்ரம் 2002 டு 2007.”

இன்னொருவர் சொன்னதாகச் சொல்லும்போதும் இதே “ஹேட்” வரும்: “ஷி டோல்டு மீ தட் ஹர் ஃபாதர் ஹேட் டைடு.” பேச்சில் “டைடு” என்று மட்டும் சொன்னாலும் பரவாயில்லை, பெரும்பாலும் சூழலே விளக்கிவிடும்.

ஐந்தாம் படி: “டையிங்” என்றால் இன்னும் இறக்கவில்லை

“ஹி இஸ் டையிங்” என்றால் மரணப் படுக்கையில் இருக்கிறார். “ஹி வாஸ் டையிங்” என்றால் சாகும் நிலையில் இருந்தார், அவ்வளவுதான், பிழைத்தும் இருக்கலாம். “த டாக் வாஸ் டையிங், பட் த வெட் சேவ்டு இட்” என்பது முழுக்கச் சரியான வாக்கியம். ஆகவே இறந்துவிட்டார் என்பதைச் சொல்ல “வாஸ் டையிங்” உதவாது. உறவினர் கவலைக்கிடமாக இருக்கிறார் என்று அலுவலகத்துக்கு எழுதும்போதும் “இஸ் டையிங்” வேண்டாம், “இஸ் கிரிட்டிகலி இல்” போதும்.

ஆறாம் படி: இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்வது

இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதிலும் நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்கள்கூட. அடிப்படை சுலபம்: அவர் செய்தது, அவர் குணம், அவர் பழக்கம் எல்லாம் இறந்தகாலம். “ஹி வாஸ் எ டீச்சர்”, “ஷி லவ்டு கார்டனிங்”, “ஹி யூஸ்டு டு வேக் அப் அட் ஃபோர்”. பழக்கத்துக்கு “வுட்” போட்டால் இன்னும் உயிரோட்டமாக இருக்கும்: “எவ்ரி ஈவினிங் ஹி வுட் சிட் ஆன் த திண்ணை அண்ட் ரீட் த பேப்பர்.”

சிக்கல் பிரசென்ட் பெர்ஃபெக்டில்தான். உயிரோடு இருப்பவரின் அனுபவங்களை “ஹி ஹேஸ் விசிட்டட் ஜப்பான்” என்று சொல்லலாம், ஏனென்றால் அவர் இன்னும் போகலாம், கணக்கு திறந்தே இருக்கிறது. இறந்தவருக்கு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. மொழியியலாளர்கள் நெடுங்காலமாகப் பேசும் ஒரு உதாரணம் உண்டு: “ஐன்ஸ்டீன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்” (பிரின்ஸ்டன் என்பது அமெரிக்காவில் ஒரு ஊர்) என்பது காதுக்கு இடிக்கிறது, ஐன்ஸ்டீன் 1955இலேயே இறந்துவிட்டார். ஆனால் “பிரின்ஸ்டன் ஹேஸ் பீன் விசிட்டட் பை ஐன்ஸ்டீன்” என்று திருப்பிப் போட்டால் அவ்வளவு இடிக்காது, ஏனென்றால் இப்போது பேச்சு பிரின்ஸ்டனைப் பற்றி, பிரின்ஸ்டன் இன்னும் இருக்கிறது.

கணிதமேதை ராமானுஜனை எடுத்துக்கொள்வோம். 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் இறந்தார். அவரைப் பற்றி “ஹி ஹேஸ் ரிட்டன் மெனி லெட்டர்ஸ் டு ஹார்டி” (ஹார்டி இங்கிலாந்துக் கணித அறிஞர்) என்று எழுதக் கூடாது, “ஹி ரோட்” என்றுதான் எழுத வேண்டும். ஆனால் “ராமானுஜன் ஹேஸ் இன்ஸ்பயர்டு ஜெனரேஷன்ஸ் ஆஃப் மேத்தமெட்டிஷியன்ஸ்” சரி! இறந்து நூறு வருடம் தாண்டியும் சரி. கடிதம் எழுதுவது நின்றுவிட்டது, ஊக்கம் தருவது நிற்கவில்லை. ஆகவே “இறந்தவருக்குப் பிரசென்ட் பெர்ஃபெக்ட் வரவே வராது” என்று சிலர் சொல்லித்தரும் விதி பாதிதான் உண்மை. அந்தச் செயல் இன்றைக்கும் தொடர்கிறதா என்று கேளுங்கள். தொடர்ந்தால் “ஹேஸ்” வரலாம்.

அவர் விட்டுப்போனவற்றுக்குப் பிரசென்ட் தாராளமாக வரும். “ஹிஸ் நோட்புக்ஸ் ஆர் ஸ்டில் ஸ்டடீடு”, “கலாம் இஸ் பரீட் நியர் ராமேஸ்வரம்”, “ஹி இஸ் ரிமெம்பர்டு அஸ்…” என்பவை எல்லாம் இன்றைய உண்மைகள். இரங்கல் குறிப்புகளின் கடைசியில் வரும் “ஹி இஸ் சர்வைவ்டு பை ஹிஸ் ஒய்ஃப் அண்ட் டூ சன்ஸ்” என்பதும் இதே காரணத்தால் பிரசென்ட்: மனைவியும் மகன்களும் இப்போது இருக்கிறார்கள்.

அப்புறம் உறவு. “ஹி வாஸ் மை ஃபாதர்” என்பதா, “ஹி இஸ் மை ஃபாதர்” என்பதா? இறந்தாலும் அப்பா அப்பாதானே. புகைப்படத்தைக் காட்டி “திஸ் இஸ் மை ஃபாதர்” என்று சொல்வதுதான் இயல்பு. அவரைப் பற்றிக் கதை சொல்லும்போது “மை ஃபாதர் வாஸ் எ ஸ்ட்ரிக்ட் மேன்”. “லேட்” என்ற சொல்லைச் சேர்த்து “மை லேட் ஃபாதர்” என்றால் கேட்பவர் எதிர்க்கேள்வி கேட்டுச் சங்கடப்படாமல் இருக்க உதவும். ஆனால் “லேட்” சமீபத்தில் மறைந்தவர்களுக்குத்தான், அல்லது நம் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு. ராஜராஜ சோழனுக்கு “லேட்” போட வேண்டாம்.

உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் விஷயத்தில் இலக்கணத்தைவிட மனிதர்தான் முக்கியம். இருவரில் ஒருவரை இழந்தவர் “ஐ ஹேட் டூ பிரதர்ஸ்” என்றும் சொல்லலாம், “ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்” என்றும் சொல்லலாம். குழந்தையை இழந்த தாய் “ஐ ஹேவ் த்ரீ சில்ட்ரன்” என்றால் அது அவருடைய உரிமை, திருத்தாதீர்கள். இழப்புக்கு அடுத்த நாட்களில் “மை மதர் லைக்ஸ் ஜாஸ்மின்” என்று ஒருவர் நிகழ்காலத்தில் பேசினால், நீங்கள் “யெஸ், ஷி லைக்டு” என்று மாற்றிச் சொல்லாமல் பேச்சை அப்படியே தொடருங்கள். அவர் எந்தக் காலத்தில் பேசுகிறாரோ அதன் பின்னால் போவதுதான் மரியாதை.

ஏழாம் படி: இருந்திருந்தால்

பிறந்தநாள் பதிவுகளில் இது அடிக்கடி வரும். “ஹி வுட் ஹேவ் பீன் எய்ட்டி டுடே”: இருந்திருந்தால் இன்று எண்பது. “ஹி வில் பி எய்ட்டி” உயிரோடு இருப்பவருக்கு. “இஃப் ஹி வேர் அலைவ், ஹி வுட் பி எய்ட்டி” என்பதும் சரி, அதில் “வேர் அலைவ்” கற்பனையாக இப்போதைய நிலையைச் சொல்வதால் “வுட் பி” போதும். ஆனால் “இஃப் ஹி ஹேட் லிவ்டு” என்று தொடங்கினால் “வுட் ஹேவ் பீன்” அல்லது “வுட் ஹேவ் டர்ன்டு” என்று முடியுங்கள். கலாம் 1931 அக்டோபர் 15 அன்று பிறந்தவர், ஆகவே “கலாம் வுட் ஹேவ் டர்ன்டு நைன்ட்டி இன் 2021.”

எட்டாம் படி: தலைப்புகளைப் பார்த்து மயங்காதீர்கள்

“ஃபார்மர் பிரசிடென்ட் கலாம் டைஸ் அட் 83” என்று செய்தித்தாள் போடுகிறதே, நாம் ஏன் போடக் கூடாது? அது தலைப்புக்கான மரபு. தலைப்புக்குக் கீழே முதல் வரியிலேயே “டைடு” வந்துவிடும். காலவரிசைக் குறிப்புகளிலும் நாவல் சுருக்கத்திலும் நிகழ்காலம் உண்டு. கதையில் ஒரு பாத்திரம் இறந்தால் “ஷி டைஸ் இன் த லாஸ்ட் சாப்டர்” என்றுதான் எழுத வேண்டும். மெயிலிலும் பேச்சிலும் இந்த வழக்கம் வேண்டாம்.

விபத்தைச் சொல்லும்போது

“வாஸ் கில்டு” என்றதும் கொலை என்று நினைத்து நம்மில் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். “ஹி வாஸ் கில்டு இன் எ ரோட் ஆக்சிடென்ட்” என்பதில் கொலை இல்லை, விபத்தில் இறந்தார் என்று மட்டும்தான் பொருள். இங்கே “வாஸ்” வரலாம், ஏனென்றால் “கில்” செயப்பாட்டுக்கு இடம் கொடுக்கும் வினை. “டைடு இன் எ ரோட் ஆக்சிடென்ட்” இன்னும் மென்மை. நோய் என்றால் “டைடு ஆஃப் கேன்சர்”.

கடைசிப் படி: எழுதி அனுப்புவது

விடுப்பு மெயில் மூன்று வாக்கியம் போதும். “மை ஃபாதர் பாஸ்டு அவே லாஸ்ட் நைட். ஐ ஆம் டிராவலிங் டு மதுரை டுடே ஃபார் த ஃப்யூனரல். ஐ வில் பி அவே அன்டில் மண்டே.” நேற்றிரவு நடந்தது பாஸ்ட், இன்று கிளம்புவது பிரசென்ட் கன்டினியுவஸ், திரும்பும்வரை இருப்பது ஃபியூச்சர். காரணம், நோய் விவரம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இரங்கல் எழுதும்போது எந்த வடிவம் என்று குழம்பினால் வினையையே தவிர்த்துவிடலாம்: “ஐ வாஸ் சோ சாரி டு ஹியர் அபவுட் யுவர் மதர்.” உடனே எழுதினால் “ஐ ஆம்”, நாள் கடந்து எழுதினால் “ஐ வாஸ்”. அதோடு அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை இறந்தகாலத்தில் சேருங்கள், “ஷி வாஸ் ஆல்வேஸ் கைண்ட் டு மீ வென் ஐ கேம் ஹோம் வித் யூ” என்பது போல. அந்த ஒரு வரிதான் அவர்கள் திரும்பத் திரும்பப் படிக்கும் வரி. “மே ஹர் சோல் ரெஸ்ட் இன் பீஸ்” என்பதில் “ரெஸ்ட்ஸ்” கிடையாது, வாழ்த்திலும் வேண்டுதலிலும் “மே” வந்தால் வினை அடிவடிவத்தில்தான் நிற்கும். குடும்பத்தாருக்கு நேரடியாக அனுப்பும்போது அதை ஆர்.ஐ.பி. என்று மூன்று எழுத்தாகச் சுருக்காதீர்கள்.

பல மாதம் கழித்து, தெரியாத ஒருவர் “ஹவ் இஸ் யுவர் ஃபாதர்?” என்று கேட்பார். “ஐ ஆம் அஃப்ரெய்டு ஹி பாஸ்டு அவே இன் மார்ச்” என்று சொல்லுங்கள். மாதம் வந்துவிட்டது, அதனால் “ஹேஸ்” இல்லை. கேட்டவர் நீங்களாக இருந்தால், “எனக்குத் தெரியாது” என்ற நம் வழக்கப்படி “ஐ டோன்ட் நோ” என்று சொல்லிவிடாதீர்கள். இந்த நிமிடம் உங்களுக்குத் தெரிந்துவிட்டதே. “ஐ ஆம் சோ சாரி, ஐ டிடின்ட் நோ” என்று சொல்லுங்கள்.